வர்ணம் தீட்டுவதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய தமிழ்நாட்டு ஜனநெருக்கப் படத்தை மூன்று நாட்களாக மேஜையின் மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கைத் தேடி எடுத்து, அன்றிருந்த 32 மாவட்டங்களின் எல்லைகளோடு பிசகின்றி இணைத்து, கியூஜிஐஎஸ் மென்பொருளில் யாருடைய உதவியுமின்றி நீ இதை வரைந்து முடித்திருக்கிறாய் என்பதில் எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதல்ல. ஆயினும், சென்னை என்னும் சிறு துளி மட்டும் கருஞ்சிவப்பாக நிற்க, மற்ற 31 மாவட்டங்களும் ஒரே வெளிர்மஞ்சளில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதைக் கண்ட பிறகு, இதை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

கணக்கில் நீ தவறவில்லை. வகுத்த முறையில்தான் தவறு. 'சம இடைவெளி' என்ற முறையைத் தேர்ந்து, ஐந்து வகுப்புகள் வேண்டுமென்று கேட்டாய். மென்பொருளும் கேட்டதைக் கொடுத்துவிட்டது. சென்னையில் அன்று சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வசித்தார்கள். நெருக்கம் மிகக் குறைந்த மாவட்டங்களிலோ சில நூறு பேர்தான். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை ஐந்து சம துண்டுகளாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஐயாயிரத்துக்கு மேல் வருகிறது. சென்னைக்கு அடுத்த ஸ்தானத்திலுள்ள கன்னியாகுமரியிலேயே ஏறத்தாழ 1,110 பேர்தான் என்னும்போது, முதல் துண்டைத் தாண்டிச் செல்ல வேறு எந்த மாவட்டத்தால் முடியும்? நடுவிலுள்ள மூன்று வர்ணங்களுக்கு ஒரு மாவட்டம்கூட இல்லை. படத்தின் மூலையில் நீ அச்சிட்ட குறிப்பில் மட்டுமே அவை வாழ்கின்றன.

இதற்கு மாற்றாகச் 'சம எண்ணிக்கை' முறையை எடுத்தால், வகுப்புக்கு ஆறோ ஏழோ மாவட்டங்களாகப் பிரிந்து படம் முழுவதும் வர்ணம் பரவி, கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது கன்னியாகுமரியும் திருவள்ளூரும் சென்னையோடு ஒரே வர்ணத்தில் சமமாக அமர்ந்துவிடும், இருபது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் சுவடின்றி மறைந்துபோகும். ஜார்ஜ் ஜெங்ஸ் என்ற அமெரிக்கப் பூகோள அறிஞரின் பெயரால் வழங்கும் 'இயற்கை முறிவு' முறை இவ்விரண்டையும்விட விவேகமானது. எண்கள் தாமாகக் கூடியும் பிரிந்தும் நிற்கும் இடங்களைக் கண்டு எல்லை கட்டுவதால், சென்னையைத் தனியே நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தம்முள் பிரித்துக் காட்டும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அதையும் ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, எல்லை எண்களை நீயே கையால் திருத்தி எழுது என்பேன். மாநிலத்தின் சராசரி 555. அந்த எண்ணை ஓர் எல்லையாக வைத்துப் பார். தன் மாவட்டம் சராசரிக்கு மேலா கீழா என்பதைப் படத்தைப் பார்க்கும் எந்தப் பாமரனும் அக்கணமே அறிந்துகொள்வான்.

ஒரு விஷயத்தில் உன்னைப் பாராட்டியே ஆகவேண்டும். மொத்த ஜனத்தொகையைப் பரப்பால் வகுத்து, நெருக்கத்தையே வர்ணத்துக்கு ஆதாரமாகக் கொண்டாய். மொத்தத் தொகைக்கே வர்ணம் தீட்டியிருந்தால், விஸ்தாரமான மாவட்டம் விஸ்தாரமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கருத்துத் தெரிந்திருக்கும். மொத்தத்தைக் காட்ட விரும்பும் நாளில், நிலத்துக்கு வர்ணம் பூசாமல், தொகைக்கேற்பப் பெரிதும் சிறிதுமான வட்டங்களை இட்டுக் காட்டு.

வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக ஓர் அடுக்கைச் சேர்த்தவுடன் மென்பொருள் தானாக ஏதோ ஒரு வர்ணத்தை அதற்குக் கொடுக்கிறது. அந்த வர்ணத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. நீ அனுப்பியதில் ஆறுகள் ஊதாவாக ஓடுவது அப்படி நேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் நீருக்கு நீலம், சமஉயரக் கோடுகளுக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை, பயிர்நிலத்துக்கு மஞ்சள் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஒரு வழக்கம் உண்டு. தக்க காரணமின்றி அதை மீறாதே. குறைவிலிருந்து மிகுதிக்கு ஏறும் எண்களுக்கோ, வெளிறியதிலிருந்து கருத்ததற்கு ஏறும் ஒரே குடும்பத்து வர்ணங்களே பொருத்தம். சிந்தியா புரூவர் என்ற பூகோளப் பேராசிரியை வகுத்த வர்ண வரிசைகள் மென்பொருளுக்குள்ளேயே கிடைக்கின்றன. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்து நான் ஒருமுறை தயாரித்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கூட்டத்தில் கொடுத்தபோது, இரண்டும் ஒரே சாம்பலாகி, வந்தவர்கள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அவ்விரண்டு வர்ணங்களையும் பிரித்தறிய முடியாத கண்ணுடையவர்களும் நம்மிடையே அநேகர். அவர்களுக்கு உன் படம் எப்படித் தோன்றும் என்பதைத் திரையிலேயே காட்டும் முன்னோட்ட வசதி கியூஜிஐஎஸ்ஸில் இருக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் அதை ஒருமுறை பார்க்கத் தவறாதே.

அடுக்குகளின் வரிசை பற்றி நீளமாகச் சொல்ல அவசியமில்லை. பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே வரும், ஆகவே புள்ளிகள் மேலே, கோடுகள் நடுவில், நிலப்பரப்புகள் அடியில்.

ஆனால் ஊர்ப்பெயர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பூதக்கண்ணாடியை வைத்து உன் படத்தில் கடலூர் இருக்குமிடத்தைப் பார். சிறிய எழுத்து, அதன் குறுக்கே ஓடும் மாவட்ட எல்லைக் கோடு. கடைசி எழுத்தின் மேலுள்ள புள்ளி அந்தக் கோட்டில் கரைந்து, 'கடலூர' என்று நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கு இந்த ஆபத்து இவ்வளவு இல்லை. நம் மொழியிலோ ஒரு புள்ளி போனால் ஒலியே மாறிவிடும். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை கட்டு. கரை தடித்தால் அடியிலுள்ள எல்லைக் கோட்டை விழுங்கிவிடும், ஆதலால் புள்ளி தெளிவாகத் தெரியும் அளவோடு நிறுத்து.

திருத்திய படத்தை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு. கூடவே, ஐந்து வகுப்புகளின் எல்லைகளையும் எந்தெந்த எண்ணில் வைத்தாய், ஏன் அங்கே வைத்தாய் என்று தனித்தாளில் எழுதி அனுப்பு. படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் நான் படிப்பேன்.

அன்புள்ள,
உன் அண்ணன்