சிறு மீன்பிடி படகுக்கு எத்தனை குதிரைச் சக்தி மோட்டார்?

கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் விவசாயி முதலில் பார்ப்பது கிணற்றின் ஆழத்தையும் ஊற்றையும்தான். ஊற்று குறைந்த கிணற்றில் 10 குதிரைச் சக்தி மோட்டாரை இறக்கினால் அரை மணி நேரத்தில் கிணறு வற்றிவிடும். போட்ட முதல் வீண். படகு விஷயத்திலும் இதே கதைதான். ஆனால் இங்கே கணக்குத் தப்பினால் முதலோடு உயிருக்கும் ஆபத்து. ஆகவே படகையும் பாரத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே மோட்டாரைத் தேட வேண்டும்.

அமெரிக்கா, கனடா நாட்டு ஏரிகளில் 12 முதல் 16 அடி நீளமுள்ள அலுமினியப் படகுகள் மிகுதி. நம் பக்கம் அணைகளில் பரிசலும், கடலோரத்தில் ஃபைபர் படகும்தான் அதிகம். எனினும் அலுமினியப் படகுக்கு அங்கே வகுத்துள்ள கணக்கை அறிந்துகொண்டால், எந்தச் சிறு படகு வாங்குபவருக்கும் அது உதவும்.

எந்தப் படகு?

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனவே இரண்டு பேர் படகைக் கரைக்கு இழுத்துவிடலாம். மரம்போல் உளுக்காது, செல்லரிக்காது.

தகடுகளை இணைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ரிவிட் அடித்த படகு எடையிலும் விலையிலும் குறைவு. ஆனால் நாளடைவில் ரிவிட் தளர்ந்து நீர் கசியலாம். வெல்டிங் செய்த படகு கனமானது, உழைப்பும் அதிகம். பழைய படகு வாங்குவோர், கரையில் நிறுத்தி உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கசிவு வெளியே தெரிந்துவிடும்.

அடிப்பாகம் தட்டையாக இருந்தால் படகு ஆழமில்லாத நீரிலும் போகும். எழுந்து நின்று வீச்சு வலை வீசும்போது ஆட்டமும் குறைவு. ஆனால் அலை அடிக்கும் இடத்தில் ‘தட் தட்’ என்று மோதும். நீரும் உள்ளே தெறிக்கும். காற்று மிகுந்த பெரிய நீர்த்தேக்கத்துக்கு அடிப்பாகம் கூர்மையான படகே ஏற்றது.

எத்தனை பேர், எவ்வளவு பாரம்?

இதற்கு எளிய கணக்கு உண்டு. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். 12 அடி நீளம், 4 அடி அகலமுள்ள படகு என்றால் 48ஐ 15ஆல் வகுக்க 3 கிடைக்கும், மீதியை விட்டுவிடலாம். அதாவது காற்றில்லாத நாளில் 3 பேர். வலை, ஐஸ் பெட்டி, பிடித்த மீன் ஆகியவையும் பாரம்தான். ஏறத்தாழ 70 கிலோ சரக்கு ஏறினால் ஓர் ஆள் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது படகு காலியாக இருக்கும், திரும்பும்போதுதான் நிறையும். ஆகவே திரும்பும் பாரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

இருக்கைகளுக்கு அடியில் வைத்திருக்கும் நுரைப்பொருள், படகில் நீர் நிறைந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்காக வைத்தது. மீன் போட இடம் வேண்டும் என்று அதைப் பிடுங்கி எறியக் கூடாது.

மோட்டார் கணக்கு

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டுப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்கு ஒரு விதி வகுத்துள்ளனர். படகின் நீளத்தையும் பின்பக்க அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்க வேண்டும். வரும் தொகைக்கு ஏற்ற உச்ச வரம்பு இது:

35 வரை - 3 குதிரைச் சக்தி
36 முதல் 39 வரை - 5
40 முதல் 42 வரை - 7.5
43 முதல் 45 வரை - 10
46 முதல் 52 வரை - 15

விளிம்பு மடங்கிய தட்டை அடிப் படகானால் இதில் ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். தொகை 52ஐத் தாண்டினால், கையால் பிடித்துத் திருப்பும் மோட்டாருக்கு வேறு கணக்கு. தட்டை அடிப் படகுக்குத் தொகையில் பாதியை எடுத்து 15ஐக் கழிக்க வேண்டும். மற்றப் படகுக்குத் தொகையை 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும். விடையை அடுத்த 5இன் மடங்குக்கு உயர்த்தலாம். 14 அடி நீளம், பின்பக்கம் 4 அடி அகலம் என்றால் தொகை 56. தட்டை அடிக்கு 13, அதாவது 15 குதிரைச் சக்தி. கூர்மையான அடிக்கு 20.

இது வரம்பே தவிர, இவ்வளவு வாங்கியே தீர வேண்டும் என்பதல்ல.

பெரிய மோட்டார் ஏன் வேண்டாம்?

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு, அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. 14 அடிப் படகுக்கு அது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குச் சிறிய மோட்டாரே போதும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு நீர்மட்டத்துக்கு எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாரம் குறைந்திருந்தால் 15 குதிரைச் சக்தி மோட்டார் படகை எழுப்பிவிடும். பாரம் மிகுந்தால் படகு எழும்பாது. பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, பெட்ரோல்தான் எரியும்.

முழு வேகத்தில் ஓட்டினால் 10 குதிரைச் சக்திக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 15 குதிரைச் சக்திக்கு 6 லிட்டர். 5 குதிரைச் சக்திக்கு 2 லிட்டர். வருஷம் முழுவதும் இந்த வித்தியாசம் உங்கள் மீன் காசிலிருந்துதான் போகும்.

எடையையும் பாருங்கள். 15 குதிரைச் சக்தி நான்கு ஸ்டிரோக் மோட்டார் சுமார் 50 கிலோ இருக்கும். அதுவும் ஓட்டுபவரும் பெட்ரோல் கேனும் பின்பக்கமே சேர்ந்தால், பின்னால் வரும் அலை உள்ளே ஏறிவிடும்.

பொருத்துவதும் காப்பதும்

மோட்டாரைத் தாங்கும் பின்பலகை 15 அங்குல உயரமானால் குட்டைத் தண்டு மோட்டார். 20 அங்குலமானால் நீண்ட தண்டு. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிப்பாகத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுழலும்.

அலுமினியத்துக்கு எதிரி செம்பு. உப்பு நீரில் செம்பு, பித்தளைச் சாமான்கள் அலுமினியத்தைத் தொட்டால் தகடு அரித்து ஓட்டை விழும். செம்புக் கம்பித் துண்டுகூடப் படகுக்குள் கிடக்கக் கூடாது. செம்பு கலந்த அடிப் பெயிண்டும் ஆகாது. மீன் குளத்துக்குப் போடும் சுண்ணாம்பும் ஈரம் பட்டால் அலுமினியத்தைத் தின்னும். சுண்ணாம்பு மூட்டையைப் படகில் ஏற்றினால் அன்றே கழுவிவிடுங்கள். கழிமுகத்தில் ஓட்டினால், திரும்பியதும் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட வேண்டும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

12 அடி நீளம், பின்பக்கமும் 4 அடி அகலம், தட்டை அடி. தொகை 48, வரம்பு 15, தட்டை அடியானதால் ஒரு படி குறைந்து 10 குதிரைச் சக்தி. இரண்டு பேர் வலையுடன் ஏரிக்குள் போய் வர 5 குதிரைச் சக்தியே போதும். சிறு குளமானால் மோட்டாரே வேண்டாம், துடுப்பு போதும்.

அணை நீர்த்தேக்கத்தில் மோட்டார் படகு விட அனுமதி உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை, ஒரு ஜோடி துடுப்பு, நீர் இறைக்க ஒரு வாளி இருக்கட்டும். மோட்டாரை அணைக்கும் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் மோட்டார் உடனே நிற்கும்; படகும் அவரை விட்டு ஓடாது.