தீபாவளிக்கு முன் குளியலறை: உடைக்காதீர்கள், உலர விடுங்கள்

ஆடி கழிந்துவிட்டது. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்க நினைப்பவர்கள் கணக்குப் போடத் தொடங்கும் நேரம். முன்கூடமும் வாசல் கேட்டும் முதலில் நினைவுக்கு வரும், குளியலறை கடைசி வாரத்துக்குத் தள்ளப்படும். பேராக்கில் இருப்பவர்கள் இந்த ஆண்டு அந்த வரிசையை மாற்றுவது நல்லது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை குறைந்த மழைக்காலம்; அக்டோபரும் நவம்பரும் ஆண்டின் பெருமழை மாதங்கள். இடையில் கிடைக்கும் இந்த ஐந்தாறு வாரத்தில் குளியலறை மேற்பூச்சை முடித்துவிட வேண்டும். கூடத்துச் சுவர் ஈரப்பதத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டைல்ஸ் மேலும் பாத்டப் மேலும் பூசும் எப்பாக்சி போன்ற இரட்டைக் கலவைச் சாயம் பொறுக்காது.

புந்தோங், சிலிபின் தொடங்கி பத்து காஜா, சுங்கை சிப்புட் வரை, 1970களிலும் 80களிலும் எழுந்த தாமான் வீடுகள் பலவற்றில் குளியலறை ஏறக்குறைய ஒரே முகமாக இருக்கும். இளஞ்சிவப்போ வெளிர்பச்சையோ பூசிய சிறிய சதுர டைல்ஸ், தரையில் மொசைக், மூலையில் டைல்ஸ் ஒட்டிய சிமெந்துத் தண்ணீர்த் தொட்டி. கொஞ்சம் வசதியான வீட்டில் அதே நிறத்தில் ஒரு பாத்டப். பழைய ரப்பர் தோட்டங்களில் இன்னும் நிற்கும் துரை பங்களாக்களில் வார்ப்பிரும்புத் தொட்டியே கிடக்கலாம். இவற்றைப் பார்த்ததும் குத்தகையாளர் சொல்லும் முதல் வார்த்தை "உடைச்சிடலாம்" என்பது. அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் கிழடு தட்டியிருப்பது மேல்தோல்தான். நாற்பது ஆண்டு சிமெந்தில் ஊறி உறுதியான டைல்ஸை உளியால் பெயர்த்தால், அடியில் நீர்க்கசிவைத் தடுத்துவந்த பூச்சும் சேர்ந்து பெயரும். மாடிக் குளியலறை என்றால் கீழ்க்கூடத்து மேற்கூரையில் கறை படியும். அடுக்குமாடியில் இது அண்டைவீட்டுத் தகராறு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் 2015ஆம் ஆண்டு அதன் விதிமுறைகளும், கீழ்வீட்டு மேற்கூரையில் கசிந்தால் கோளாறு மேலேதான் என்று, வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, கருதச் சொல்கின்றன. உடைத்த கற்களை அள்ளத் தனி லாரி வேண்டும். உளி கிளப்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே வகைப்படுத்திவிட்டது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: மேலே பூசுவது வெறும் ஒப்பனைதானே, உள்ளே ஒழுகினால் என்ன பயன்? ஆம், மேற்பூச்சு கசிவை நிறுத்தாது. அதனால்தான் சாயம் வாங்குவதற்கு முன் சோதனை. ஒரு காசை எடுத்து டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். கெட்டியாக ஒலித்தால் பிடிப்பு இருக்கிறது. டொக்கென்று வெற்றொலி வந்தால் பின்னால் காற்று புகுந்திருக்கிறது. நாலைந்து மட்டும் அப்படி ஒலித்தால் அவற்றை மட்டும் எடுத்து ஒட்டலாம். சுவர் முழுக்க வெற்றொலி என்றால் உடைப்பதைத் தவிர வழியில்லை, பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். அடுத்து, தரை வடிகாலை அடைத்து இரண்டு விரற்கடை அளவு தண்ணீர் கட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் தெரிந்தால் முதலில் கசிவு, பிறகுதான் அழகு. மூன்றாவது சோதனைதான் பலரும் விடுவது: ஒரு முழம் அகலமுள்ள நெகிழித் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் நீர் இருக்கிறது. அதன்மேல் எந்தச் சாயம் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம் எழும்.

பாத்டப்பைப் புதுப்பிக்குமுன் அது எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். ஒரு காந்தத்தை வையுங்கள்; ஒட்டினால் எனாமல் பூசிய இரும்பு, ஒட்டாவிட்டால் அக்ரிலிக்கோ கண்ணாடியிழையோ. இரண்டுக்கும் அடிப்பூச்சு வேறு. ஓரத்துச் சிலிக்கோனை முழுதும் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். மிச்சம் ஒரு இழை இருந்தாலும் அந்த இடத்தில் சாயம் மீன்கண் போலப் பிளந்து நிற்கும். சோப்புப் படிவைக் கழுவி, நீர் தெளித்தபடியே நயமான எமரித்தாளால் மினுக்கம் போகத் தேயுங்கள். உலர்வாகத் தேய்க்கக் கூடாது, பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பொத்தலை நிரப்பி, பிடிப்புப் பூச்சு ஒன்று, மேற்பூச்சு இரண்டு மெல்லியதாக. காலையில் ஈப்போவின் காற்றில் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டும். பெரும்பாலான டின்களில் எண்பத்தைந்துக்கு மேல் பூசாதீர்கள் என்றே அச்சிட்டிருக்கும். ஆகவே முற்பகல் பத்து மணிக்குமேல் தொடங்கி, இடி மழைக்கு வானம் கறுக்குமுன் முடிக்க வேண்டும். ஈரக் காற்றில் எப்பாக்சி இறுகும்போது அதன் மேல் பிசுபிசுப்பான வெண்படலம் படியும். அடுத்த பூச்சு அதில் ஒட்டாது. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது தொடங்குபவர்கள் சிக்குவது இங்கேதான். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும், வீட்டிலோ உறவுக்காரர்கள் கூடியிருப்பார்கள்.

அடுத்து பழைய சாயத்தை அகற்றும் மருந்து. ஏற்கெனவே யாரோ பூசிய சாயம் உரிந்துகொண்டிருந்தால், மெத்திலீன் குளோரைடு கலந்த உரிப்பானை வாங்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 2000க்கும் 2011க்கும் இடையில் பாத்டப் புதுப்பிக்கும் தொழிலாளர்கள் குறைந்தது 13 பேர் இந்த ஒரே வேதிப்பொருளால் இறந்திருக்கிறார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தேங்கும். வேலை செய்பவரின் தலையும் அந்தத் தொட்டிக்குள்தான் குனிந்திருக்கும். சின்ன ஜன்னல் ஒன்று மட்டுமுள்ள நம் குளியலறைக்கு இது அப்படியே பொருந்தும். சுரண்டியும் தேய்த்தும் எடுங்கள், நேரம் கூடினாலும் பரவாயில்லை. அதேபோல், அழுக்கு நீக்க ஆசிட் ஊற்றிவிட்டு அதன்மேல் குளோராக்ஸ் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. தவிர, ஆசிட் டைல்ஸ் இடுக்குச் சிமெந்தை அரித்து உள்ளே தங்கிவிடும்.

சிமெந்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் தனி நியாயம். சாதாரண டைல்ஸ் சாயம் எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு ஆகாது. தண்ணீர்த் தொட்டிக்கென்றே சொல்லி விற்கும் எப்பாக்சி வேண்டும், அல்லது சிமெந்து சார்ந்த நீர்க்காப்புக் கலவை. இந்த வேலை மழைக்கு முன் முடிவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏடிஸ் கொசு தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அது மாதக்கணக்கில் உயிரோடிருந்து மறுபடி நனைந்ததும் பொரிக்கும். பெயர்ந்த டைல்ஸும் சொரசொரத்த இடுக்கும் உள்ள தொட்டியில் பிரஷ் எட்டாது. வழவழப்பான சுவரை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, புழு பிடிபட்டால் வீட்டுக்காரருக்குத் தண்டம் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தோட்டப்புற வீடுகளில் இருப்பவர்கள் கேட்பது வேறு: சொந்தமில்லாத வீட்டுக்கு எதற்குச் செலவு? எந்த நாள் காலி செய்யச் சொல்வார்களோ என்ற நிலையில் டைல்ஸ் மாற்றுவது உண்மையிலேயே வீண்தான். நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் உடைக்கவும் முடியாது. மேற்பூச்சு அந்த அளவுக்கு ஏற்ற வேலை. ஆனால் லயத்து வீட்டுக் குளியலறைத் தரை பெரும்பாலும் மண்மேல் நேராகப் போட்ட சிமெந்து, அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே எப்பாக்சி பூசினால் உரியும். ஈரத்தை வெளியே விடும் சிமெந்துக் கலவையைத் தூரிகையால் இரண்டு முறை தேய்ப்பதே நிற்கும்.

பணமும் நேரமும் இரண்டும் குறைவு என்றால் சாயத்தையே விட்டுவிடலாம். பல குளியலறைகளில் டைல்ஸ் நன்றாகவே இருக்கும். கறுத்துப்போன இடுக்குகள்தான் அறையைப் பழசாகக் காட்டும். அந்தச் சிமெந்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது நிரப்புங்கள். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் லாபமான வேலையாகப் படுகிறது. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவதும் உண்டு, சுவருக்குச் சரி. தரையில் அப்படிச் செய்தால் உயரம் ஏறி, கதவு இடிக்கும், வடிகால் பள்ளத்தில் போகும், தண்ணீர் ஓடும் சரிவும் கெடும். தரைக்குப் பளபளப்புச் சாயம் அடிப்பது அதைவிட மோசம். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அது வழுக்கி விழவைக்கும். தரை மொசைக்குக்கு இடுக்கு நிரப்புவதோடு நிறுத்துங்கள். பாத்டப் அடியில் மட்டும், மேற்பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழுக்காத மணலைத் தூவிக்கொள்ளலாம்.

பூசி முடித்து ஏழு நாள் வரை தொட்டியில் தண்ணீர் பிடிக்காதீர்கள். பிறகு தேய்ப்புத் தூளோ இரும்பு நாரோ அதன்மேல் படக் கூடாது. மெல்லிய பஞ்சும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். உறிஞ்சிகள் உள்ள ரப்பர் பாயைப் பாத்டப்பில் போட்டால், எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். கலக்காமல் மிஞ்சிய சாயத்தையும் அதன் கெட்டிப்பானையும் தனித்தனியாக மூடி, டின் மேல் தேதி எழுதி நிழலில் வையுங்கள், எங்காவது சிறிய பொத்தல் விழுந்தால் மழைநீர் அடியில் புகுமுன் அதைக்கொண்டே அடைத்துவிடலாம்.