நல்லமுத்து வில்லனாகக் கூடாதா?

கேள்வி: முதன்முறையாக நாவல் எழுதுகிறேன். கதை எங்கள் ஊர்ப் பக்கம் நடக்கிறது. கந்துவட்டிக்கு விட்டு ஊரையே கைக்குள் வைத்திருக்கும் ஒருவர்தான் வில்லன். பெயர் நல்லமுத்து. கதாநாயகி மல்லிகா, அவள் அண்ணன் முத்துவேல், காதலன் வேல்முருகன், அத்தை வள்ளியம்மாள். படித்துப் பார்த்த தோழிகள், “வில்லன் மனசில் நிற்கவே இல்லை. பேர் ரொம்ப மெதுவா இருக்கு, கரடுமுரடா ஒண்ணு வை” என்கிறார்கள். பெயரின் ஓசைக்கு அவ்வளவு சக்தி உண்டா? இல்லை, சினிமா பார்த்துப் பார்த்து வந்த பழக்கமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சக்தி உண்டு. ஆனால் நல்லமுத்து என்ற பெயரில் குறை ஏதும் இல்லை. அதைச் சுற்றி நீங்கள் வைத்திருக்கும் பெயர்களில்தான் சிக்கல். அதற்கு வருமுன், ஓசை நம் காதில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆறு சலசலவென்று ஓடுகிறது, கோபத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறோம். இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரித்துவிடும். இரட்டைக்கிளவியை யாரும் அகராதி பார்த்துக் கற்பதில்லை, காதே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நம் இலக்கணமும் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஓசையின் தன்மை பார்த்துத்தான் பிரித்தது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் 20 வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுந்தால் இயைபு வண்ணம். செய்யுளுக்குச் சொன்ன கணக்குதான், மூன்றெழுத்துப் பெயரிலும் சிறிய அளவில் அது நடக்கிறது.

ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1929-இல் எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளர், ‘மில்’, ‘மல்’ என்று பொருளில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்து, இரண்டுமே மேசையின் பெயர் என்றால் எது பெரிய மேசை என்று கேட்டார். பெரும்பாலோர் ‘மல்’ என்றார்கள். அதே ஆண்டு வோல்ஃப்காங் கோலர், முனை முனையாக நீட்டிய ஓர் உருவத்தையும் வளைந்து வழுக்கும் ஓர் உருவத்தையும் காட்டி, இரண்டு பெயர்களில் எது எதற்குப் பொருந்தும் என்ற கேள்வியைத் தம் நூலில் வைத்தார். 2001-இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் அதையே ‘பூபா’, ‘கீக்கி’ என்ற பெயர்களோடு மறுபடி நடத்தினார்கள். (‘பூபா’வின் முதலெழுத்தைப் பூபாளத்தில் வருவதுபோல ஒலியுங்கள்.) அமெரிக்க மாணவர்களிடம் கேட்டார்கள், இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். இரு இடங்களிலும் மிகப் பெரும்பாலோர் முனையுள்ளது கீக்கி, வளைந்தது பூபா என்றே சொன்னார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு 25 மொழிக்காரர்களிடம் இதைக் கேட்டது. மொத்தத்தில் 72 விழுக்காடு பொருத்தம் கிடைத்தது. ருமேனியம், துருக்கி, மாண்டரின் ஆகிய மூன்றில் மட்டும் அந்தச் சாய்வு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே இது சினிமாப் பழக்கம் மட்டும் இல்லை. இயற்கை விதி என்று சத்தியம் செய்யவும் முடியாது. வலுவான ஒரு சாய்வு, அவ்வளவுதான்.

ஆள் பெயருக்கு இது பொருந்துமா? கனடாவில் டேவிட் சித்துவும் பென்னி பெக்ஸ்மனும் ஆங்கிலப் பெயர்களை வைத்துப் பார்த்தார்கள். ‘பாப்’ என்ற பெயரை உருண்டையான உருவத்துக்கும் ‘கர்க்’ என்ற பெயரை முனை கூரிய உருவத்துக்கும் மக்கள் கொடுத்தார்கள். அவர்கள் குழு 2019-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், ம, ந, ல போன்ற ஒலிகள் மிகுந்த பெயருடையவர் இணக்கமானவராகவும் மென்மனம் உடையவராகவும் இருப்பார் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். ப, ட, க போன்ற வெடிப்பொலிகள் உள்ள பெயர் கலகலப்பானவரை நினைவூட்டியது. பிறகு உண்மையான மனிதர்களின் பெயரையும் குணத்தையும் ஒப்பிட்டார்கள். எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. கதாசிரியருக்கு இதுதான் வேண்டிய செய்தி. ஓசை எதிர்பார்ப்பைத்தான் உண்டாக்கும், ஆளை உண்டாக்காது. அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதா, ஏமாற்றுவதா என்பது எழுதுகிறவர் கையில்.

கீக்கி-பூபா சோதனையில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பூபா அருகில் இருக்கும்போது கீக்கி இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. கதையிலும் அப்படியே. எந்தப் பெயரும் தனியாக ஒலிப்பதில்லை, அடுத்த பெயரோடு உரசித்தான் ஒலிக்கிறது.

‘16 வயதினிலே’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயில், சப்பாணி, பரட்டை என்று மூன்று பேர். மயில் என்ற பெயரில் வல்லினமே கிடையாது. சப்பாணியில் ‘ப்ப’வின் அழுத்தத்தை ‘ணி’ தணித்துவிடுகிறது. பரட்டையில் ‘ட்ட’ நாக்கை மேலண்ணத்தில் அறைந்து இறங்குகிறது. மயிலின் பக்கத்தில் நிற்பதால்தான் பரட்டை இன்னும் கரடாகக் கேட்கிறது. ஆனால் மூன்றும் பொருளுள்ள சொற்கள். பரட்டை என்றதும் காதைவிடக் கண்ணுக்குத்தான் முதலில் தலைமுடி தெரிகிறது. இதில் ஓசைக்கு எவ்வளவு பங்கு, பொருளுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சோதனைக்காரர்கள் பொருளற்ற சொற்களைத் தேடுவது அதனால்தான். உங்களுக்கு அந்தச் சுத்தம் வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே உழைக்கட்டும்.

‘பாட்ஷா’ (1995) இன்னும் நல்ல உதாரணம். ஆள் ஒருவர், பெயர் இரண்டு. ஆட்டோ ஓட்டும்போது மாணிக்கம், பம்பாயில் பாட்ஷா. ‘மா’வில் தொடங்கி ‘ம்’மில் முடிகிற, வீட்டுக்கு அடங்கிய பெயர் முதலாவது. மற்றது எடுத்த எடுப்பிலேயே உதட்டில் வெடிக்கிறது, ‘ஷா’ என்று மூச்சை நீட்டி முடிகிறது. தமிழ்ச் சொற்கள் பூபாளத்தில் வருவதுபோன்ற அந்தக் கனத்த பகரத்தில் தொடங்குவதில்லை என்பதால், வேறு உலகத்து ஆள் என்ற உணர்வும் கூடவே வந்துவிடுகிறது. மாணிக்கத்தின் நடுவிலும் ஒரு ‘க்க’ ஒளிந்திருக்கிறது, ஆனால் அதை யாரும் கவனிப்பதில்லை.

இனி உங்கள் தோழிகளுக்கு நேர் பதில். தமிழ்ச் சினிமாவில் மறக்க முடியாத வில்லி யார் என்றால் பலரும் ‘படையப்பா’வின் (1999) நீலாம்பரியைச் சொல்வார்கள். தாலாட்டுக்குப் பேர்போன ராகத்தின் பெயர் அது. ‘பொன்னியின் செல்வ’னின் நந்தினியை மனத்தில் வைத்தே நீலாம்பரியை உருவாக்கியதாக ரஜினிகாந்த் 2022-இல் மேடையில் சொன்னார். நந்தினி மட்டும் என்ன, ந-வும் ன-வும் பின்னிய பெயர். கடலுக்கும் பயப்படாமல் படகு விடுகிறவளுக்குக் கல்கி வைத்தது பூங்குழலி. எதிரில் பழுவேட்டரையர். அந்தக் குலப்பெயர் சரித்திரம் கொடுத்தது, ஓசை பார்த்து வைத்ததல்ல. ஆனாலும் அந்த நீளமான, ‘ட்ட’ இடறும் பெயருக்குப் பக்கத்தில் நந்தினி என்ற கற்பனைப் பெயரை நிறுத்தினாரே, அந்த ஜோடிப்பொருத்தம் கல்கியுடையது. கிழவர் பெயர் இடி மாதிரி முழங்க, ஆபத்து மெல்லிய பெயரில் அந்தப்புரத்தில் இருக்கிறது.

வல்லினம் என்றால் கொடுமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிட்டு, பட்டு, சிட்டு, அப்பு, குட்டி, பாப்பா என்று நம் செல்லப்பெயர்கள் பலவற்றிலும் இரட்டித்த வல்லினம்தான். குட்டையான பெயரில், இ, உ என்ற குறில்களோடு வரும்போது அதே ‘ட்ட’ கன்னத்தைக் கிள்ளுகிறது. நீண்ட பெயரின் நடுவில் வந்தால் மீசையை முறுக்குகிறது. ஜப்பானில் போகிமான் பெயர்களை ஆராய்ந்த ஷிகெட்டோ கவஹாரா குழுவினரும், பெயர் நீள நீள உருவம் பெரிதாகிறது என்று கண்டார்கள். அத்தோடு க-வைவிடக் கனத்து ஒலிக்கும் ‘கங்கை’யின் முதல் ககரம் போன்ற ஒலிகள் அங்கே பெரிய, எடை கூடிய உருவங்களுக்குப் போகின்றன. 1954-இல் வந்த கோட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் ‘கொஜிரா’. கொரில்லாவையும் திமிங்கலத்தையும் குறிக்கும் சொற்களை ஒட்டிச் செய்தது. அதன் முதலெழுத்தும் அந்தக் கனத்த ககரம்தான். ஜப்பானிய எழுத்தில் அதற்கென்று இரண்டு கோடு தனியாகப் போடுகிறார்கள். நாம் எல்லாவற்றையும் ஒரே ‘க’வில் எழுதிவிடுகிறோம், அதனால் தமிழ் வாசகரின் காது இரட்டிப்பையும் நீளத்தையும்தான் அதிகம் பிடித்துக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

ஓசையை விடச் சத்தமாகப் பேசும் விஷயங்களும் நம் பெயர்களில் உண்டு. ஊர், சாதி, மதம், தலைமுறை எல்லாம் முதல் வரியிலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். திராவிட இயக்கத்தில் ராமையா அன்பழகனாகவும் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் மாறிய நாடு இது. பெயரில் ஒரு ‘ழ’ வந்தால் தமிழுணர்வுள்ள தகப்பன் ஒருவர் பின்னால் தெரிகிறார். ‘ஷ்’, ‘வ்’ என்று முடிந்தால் பள்ளிக்கூட வேன் தெரிகிறது. ஓசைக்காக ஒரு பெயரைப் பிடித்துவந்து, அது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வைக்க முடியாத பெயராக இருந்தால் வாசகர் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

இப்போது உங்கள் பட்டியலை உரக்க வாசியுங்கள். மல்லிகா, முத்துவேல், வேல்முருகன், வள்ளியம்மாள், நல்லமுத்து. ஐந்திலும் ‘ல’ அல்லது ‘ள’, ஐந்திலும் ‘ம’. வில்லனும் அண்ணனும் ஒரே ‘முத்து’வைப் பங்கு போடுகிறார்கள், அண்ணனும் காதலனும் ஒரே ‘வேல்’ என்பதை. கைப்பிரதிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. எழுதுகிறவருக்கு ஒரு ஓசை பிடித்துப்போனால், அறியாமலே எல்லாருக்கும் அதையே வைத்துவிடுவார். வில்லன் மனத்தில் நிற்காததற்குக் காரணம் பெயரின் மென்மை இல்லை, கூட்டத்தில் கரைந்துபோனதுதான்.

இரண்டு பெயர்களை மாற்றினால் போதும். அண்ணன் கதிரேசன் ஆகட்டும். அத்தையின் பெயரை அந்தக் குடும்பத்துக் குலதெய்வம் யார் என்று முடிவுசெய்துவிட்டு வையுங்கள். பேச்சியம்மன் என்றால் அவர் பேச்சியம்மாள், ‘ச்சி’ நன்றாக உறைக்கும். அப்புறம் பாருங்கள், ‘ல்ல’ என்ற ஓசை மல்லிகாவுக்கும் நல்லமுத்துவுக்கும் மட்டுமே மிஞ்சும். வட்டிக்குக் கொடுத்தவனும் மாட்டிக்கொண்டவளும் ஒரே ஒலியால் கட்டப்பட்டிருப்பது வாசகரை லேசாக உறுத்தும். நல்லமுத்துவைப் பற்றி நாலு பேர் தணிந்த குரலில் பேசிய பிறகு அவரைக் காட்டுங்கள். மென்மையான பெயரை யாராவது பயந்து சொன்னால் போதும், அது மென்மையாக இராது.

கடைசியாக ஒன்று. தமிழ்க் கதையில் பெயர் எழுதப்படுவதைவிட அதிகமாக அழைக்கப்படுகிறது. சுப்பிரமணியம் என்று நீங்கள் வைத்தாலும் அம்மாவுக்கு அவன் மணி, தலைமையாசிரியருக்குச் சுப்பிரமணியம், கடன்காரனுக்கு ‘ஏய் சுப்பு’. மூன்றும் மூன்று ஓசை, மூன்று உறவு. சப்பாணியிடம் மயில், யாராவது உன்னைச் சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு, கோபாலகிருஷ்ணன் என்று கூப்பிட்டால் மட்டும் பதில் சொல் என்கிறாள். அந்தப் படத்தில் அவன் நிமிரத் தொடங்கும் இடம் அது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பெயர் போதாது. யார் யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். நல்லமுத்துவை முகத்துக்கு நேரே ‘முதலாளி’ என்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், பெயர் மாற்றும் யோசனையே உங்களுக்கு வராது.