டி.வி. பூஸ்டர்: எடுத்துக் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

"படம் புள்ளி புள்ளியாக விழுகிறது, நல்ல பூஸ்டர் ஒன்று கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் வந்து நின்ற காலத்தை எலெக்ட்ரானிக்ஸ் கடை நடத்தும் நமது உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அதே கேள்வி லாட்ஜின் கேபிள் லைனுக்காகவும் செல்போனுக்காகவும் வருகிறது. விவரம் கேட்காமல் பெட்டியை எடுத்துக் கொடுத்தால், பாதிப் பொருள் மறுவாரமே கடைக்குத் திரும்பி வரும்.

முதலில் நம் ஊர்க் கதையைப் பார்ப்போம். சங்கரன்கோவிலுக்குக் கொடைக்கானல் தூர்தர்ஷன் நிலையம் நேர் வடக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ. மலைமேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிலையத்துக்கு இந்தத் தூரம் பெரிதல்ல. ஆனால் இடையில் திருவில்லிபுத்தூருக்கு மேற்கேயுள்ள மலைத்தொடர் குறுக்கிடுகிறது. அலை மலை விளிம்பில் வளைந்து, மெலிந்துதான் இங்கு வந்து சேர்ந்தது. ஆகவேதான் உயரமான குழாயும், பல கம்பிகள் கொண்ட ஆன்டெனாவும், பூஸ்டரும் மாடிக்கு மாடி தெரிந்தன.

1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியின் கதை வேறு. அதன் பிதுருதலாகல மலை இங்கிருந்து 400 கி.மீ.க்கும் மேல், பூமியின் வளைவுக்கு அப்பால் உள்ளது. கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில் மட்டும் அலை அந்த அடுக்கில் தவழ்ந்து வெகுதூரம் வரும். மறுநாள் அடுக்கு கலைந்தால் எந்த விலை பூஸ்டரும் படம் தராது. "நேற்று தெரிந்ததே, இன்று ஏன் இல்லை?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு வந்தவர்களுக்கு இதுதான் பதில்.

பூஸ்டர் இல்லாத சிக்னலை உண்டாக்குவதில்லை. வருவதைப் பெருக்குகிறது, அவ்வளவே. நம் பூச்சந்தையில் ஏல நேரத்தில் ஒருவர் முணுமுணுப்பதை மைக்கில் பிடித்தால் சந்தை இரைச்சலும் சேர்ந்துதானே பெருகும்? அது போல ஆன்டெனாவில் சிக்னலோடு வரும் இரைச்சலையும் பூஸ்டர் பெருக்கும். தன் சொந்த இரைச்சலையும் சிறிது சேர்க்கும்.

எனவே அதை எங்கே வைப்பது என்பதே முக்கியம். பலர் மழைக்குப் பயந்து டி.வி.க்குப் பின்னால் வைத்தார்கள். இது வீண் செலவு. மெல்லிய கோஆக்சியல் வயர் 30 மீட்டர் ஓடினால் சிக்னலில் ஏறத்தாழப் பாதி வழியிலேயே போய்விடும். மெலிந்தபின் பெருக்கினால் இரைச்சலே மேலோங்கும். ஆன்டெனாவை ஒட்டிக் குழாயிலேயே பூஸ்டரை மாட்ட வேண்டும். அதற்கான கரண்ட், வீட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியிலிருந்து அதே வயர் வழியாகவே மேலே போகும். இப்போதைய டிஷ்ஷின் முனையில் உள்ள எல்.என்.பி. அங்கே இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

கேட்க வேண்டியவை இவைதாம்: ஆன்டெனா எந்தத் திசை பார்க்கிறது, எவ்வளவு உயரம், வயர் எத்தனை மீட்டர், இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா? பழைய வயரை மாற்றினாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். பூஸ்டர் லாபத்தை விட வயர் லாபம் குறைவுதான். ஆனாலும் அதையே முதலில் சொல்லுங்கள். படம் இரட்டையாகத் தெரிந்தால் அது மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பும் அலை. பூஸ்டர் அதையும் பெருக்கும். ஆன்டெனாவைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். சிக்னல் வலுவாக உள்ள இடத்தில் பூஸ்டர் போட்டாலும் கெடுதல்தான், ஒரு சேனல் இன்னொன்றின் மேல் ஏறும். லாட்ஜ் கேபிள் லைனிலும் அளவுக்கு மிஞ்சிப் பெருக்கினால் இதே கோளாறு.

பிரசார் பாரதி 2022 மார்ச் 31-ஐ கெடுவாக வைத்து, முக்கியமான 50 இடங்கள் நீங்கலாகப் பழைய அனலாக் ஒளிபரப்பிகளை மூட முடிவு செய்தது. 2004-இல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. மாடிக் கம்பியைச் சரிசெய்ய வருபவருக்கு இதைச் சொல்லிவிடலாம்.

செல்போன் பூஸ்டர் கேட்பவரிடம் மட்டும் எச்சரிக்கை. அரசின் அனுமதியில்லாமல் அதை விற்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். அது கோபுரத்தின் சிக்னலைக் கெடுத்து அந்தத் தெருவையே பாதிக்கும். ஏஜெண்டு என்ன தள்ளுபடி சொன்னாலும் சரக்கு இறக்க வேண்டாம்.