தோன்றிய உருவு

நுழையும்முன்

வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் கண்டதாக ஒருவர் கூறும்போது கேட்போர் இரண்டாகப் பிரிவர். ஒரு சாரார் ‘பேய்’ என்பர். மறு சாரார் ‘பொய்’ என்பர். இரு சொற்களும் ஓரெழுத்தே வேறுபட்டவை. ஆராயாமல் சொல்லப்படுவதிலோ அவற்றுக்குள் வேறுபாடே இல்லை. கண்டவரின் பட்டறிவை மதித்து, அதற்குத் தரப்படும் விளக்கத்தை ஆய்வுக்கு உட்படுத்தும் வழியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புதுவாயலில் ஒரு விடியல்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையை அடுத்து அமைந்த ஊர் புதுவாயல். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இயங்கும் ஆலைகளுக்கு இரவு பகல் என்னும் வேறுபாடு இல்லை. அத்தகைய ஆலையொன்றில் இரவு ஷிஃப்ட் முடித்து, விடியலில் வாடகை அறைக்குத் திரும்பும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்து பார்க்கலாம். படுத்த சிறிது நேரத்தில் அவர் விழித்துக்கொள்கிறார். அறையின் மின்விசிறி தெரிகிறது. சாலையில் செல்லும் லாரியின் ஒலி கேட்கிறது. ஆனால், விரலைக்கூட அசைக்க முடியவில்லை. கதவருகே யாரோ நிற்பதாகத் தோன்றுகிறது. அந்த உருவம் நெருங்கி வந்து மார்பின்மேல் அமர்கிறது. கத்த முயன்றும் குரல் எழவில்லை. சில நொடிகளோ சில நிமிடங்களோ கழிந்தபின் உடல் விடுபடுகிறது. அறையில் எவரும் இல்லை.

“அது அமுக்குவான் பேய், தம்பி. தலைமாட்டில் இரும்பு வைத்துப் படு” என்கிறார் வீட்டுக்கார அம்மா. “தூக்கக் கலக்கம், விடு மச்சான்” என்று சிரிக்கிறார் அறைத் தோழர். முன்னவர் விளக்கம் தந்துவிட்டார். பின்னவரோ நிகழ்ந்ததையே தள்ளிவிட்டார். அந்த இளைஞருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று இருவருமே கேட்கவில்லை.

மரக்குற்றியும் மனிதனும்

இவ்வினாவைத் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டது. மங்கிய ஒளியில் தொலைவில் ஒன்று நிற்கிறது. அது மரக்குற்றியா, மனிதனா என்பது விளங்கவில்லை. உயர்திணையா அஃறிணையா என்று தெளியாதபோது எச்சொல்லால் அதனைச் சுட்டுவது? ‘உருவு’ என்னும் பொதுச்சொல்லால் சுட்டுக என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம். ஐயம் தீர்ந்தபின் ‘இது குற்றியன்று, மகன்’ என்பதுபோல் அன்மை கூறித் தெளிவுபடுத்தவும் அது வழி காட்டுகிறது. திணைமரபு காக்க எழுந்த இவ்விதி, சிந்தனை ஒழுங்கு ஒன்றையும் தன்னுள் கொண்டுள்ளது. கண்டதற்குப் பெயரிடுவதற்கு முன், கண்ட அளவிற்கு மட்டுமே சொல்ல வேண்டும் என்பதே அவ்வொழுங்கு.

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அறிவின் குற்றங்களாக எட்டினைத் தொகுத்துரைக்கிறான். அவற்றுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. இப்பியை வெள்ளியென மாறி உணர்வது திரியக்கோடல். தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலேயே தறியை மனிதன் என முடிவுகட்டுவது தேராது தெளிதல். ஐயத்தையும் தேராத் தெளிவையும் தனித்தனிக் குற்றங்களாகப் பிரித்த நுட்பம் வியக்கத்தக்கது. ஐயமுற்றவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். தேராது தெளிந்தவனோ தேடலையே நிறுத்திவிட்டான். வீட்டுக்கார அம்மாவும் அறைத் தோழரும் செய்தது இதுவே.

உறக்கத்தின் இடைவாயில்

உறங்குவோரின் விழிகள் சில வேளைகளில் இமைக்குள் விரைந்து அசைவதை 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்நிலையில்தான் தோன்றுகின்றன. அப்போது மூளைத்தண்டு உடலின் தசைகளைத் தளர்த்திச் செயலற்றவை ஆக்குகிறது. கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் காக்கும் ஏற்பாடு இது. அரிதாக, தசைகள் விடுபடுவதற்கு முன்னரே மனம் விழித்துவிடும். விழி அறையைக் காண்கிறது. கனவோ இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. மார்புத் தசைகளும் தளர்ந்திருப்பதால் விரும்பியவாறு ஆழ்ந்து மூச்சிழுக்க இயலாமை, மார்பை ஏதோ அழுத்துவதாக உணரப்படுகிறது. இந்நிலையை மருத்துவர்கள் உறக்க முடக்கம் என்பர்.

இது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் இதனைக் ‘கனாஷிபாரி’ என்பர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மக்கள் இரவில் வரும் கிழவியின் செயல் என்பர். 1781ஆம் ஆண்டில் ஹென்றி ஃபியூசெலி வரைந்த ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மார்பின்மீது குறளி ஒன்று குந்தியிருக்கிறது. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு, பொதுமக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரும் மாணவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரும் வாழ்வில் ஒருமுறையேனும் இதற்கு ஆட்பட்டதாகத் தெரிவிக்கிறது. போதிய உறக்கமின்மை, உறங்கும் நேரம் அடிக்கடி மாறுதல், மல்லாந்து படுத்தல் ஆகியவை இதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வாரந்தோறும் ஷிஃப்ட் மாறும் தொழிலாளருக்கும், தேர்வுக்காக விடிய விடியக் கண்விழிக்கும் மாணவருக்கும் இது ஏன் நேர்கிறது என்பது இதனால் விளங்கும். அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டார், ஆனால், கண்டது அறையில் இல்லை.

விளக்கமும் விசாரணைக்குரியதே

இயற்கை சார்ந்த விளக்கம் என்பதாலேயே அதனை ஐயமின்றி ஏற்பதும் தேராது தெளிதலே. இதற்கு விக் டாண்டி என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பட்டறிவு தக்க சான்று. மருத்துவக் கருவிகள் உருவாக்கும் ஆய்வுக்கூடமொன்றில் அவர் இரவில் தனித்துப் பணியாற்றிக்கொண்டிருந்தார். திடீரெனக் குளிர்ந்து வியர்த்தது. கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் ஒன்று தென்பட்டது, திரும்பியதும் மறைந்தது. மறுநாள், வாள்வீச்சுப் போட்டிக்குரிய வாளைச் செப்பனிடப் பட்டறைப் பிடியில் இறுக்கியபோது, எவரும் தொடாமலேயே அதன் அலகு அதிர்ந்தது. அவர் அஞ்சி ஓடவில்லை. அதிர்வின் தோற்றுவாயைத் தேடினார். புதிதாகப் பொருத்தப்பட்ட காற்று வெளியேற்றும் விசிறி, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, செவிக்குப் புலனாகாத ஒலியை எழுப்பியது கண்டறியப்பட்டது. விசிறி சீரமைக்கப்பட்டதும் அந்த அதிர்வு நின்றது. 1998ஆம் ஆண்டில் இச்செய்தி கட்டுரையாக வெளியானது. ‘பேய்க்குக் காரணம் கேளா ஒலியே’ என்னும் கருத்து உலகெங்கும் பரவியது.

எனினும், ஒருவர் ஓரிடத்தில் பெற்ற பட்டறிவு பொதுவிதி ஆகிவிடாது. இலண்டனில் ஆய்வாளர்கள் வெற்றறை ஒன்றை அமைத்து, கேளா ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மறைவாகச் செலுத்தியும் செலுத்தாமலும் 79 பேரை அதனுள் இருக்கச் செய்தனர். 2009ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பலர் விந்தை உணர்வுகளைப் பெற்றதாகக் கூறினர். ஆனால், அவ்வுணர்வுகளுக்கும் ஒலி இருந்ததா இல்லையா என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. ‘இவ்வறையில் ஏதேனும் தோன்றலாம்’ என்னும் எதிர்பார்ப்பே சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். டாண்டி கண்ட உருவிற்கு விசிறிதான் காரணமா என்பது இன்றும் ‘உருவு’ என்ற நிலையிலேயே நிற்கிறது. அவ்வாறு நிற்பதில் இழுக்கொன்றும் இல்லை.

உலையிலிருந்து வந்த நஞ்சு

அமெரிக்கக் கண் மருத்துவ இதழொன்றில் 1921ஆம் ஆண்டு வெளியான குறிப்பு, இத்தகைய விசாரணையின் இன்றியமையாமையை உணர்த்தும். பழைய மாளிகையொன்றில் குடியேறிய குடும்பத்தினர் ஆளில்லா அறைகளில் காலடி ஓசை கேட்டனர். கருப்புடை அணிந்த பெண்ணுருவத்தைக் கண்டனர். படுக்கையில் எவரோ தம்மை அழுத்திப் பிடிப்பதாகவும் உணர்ந்தனர். கூடவே குழந்தைகள் வெளிறினர், தலைவலி நீங்கவில்லை, தொட்டிச் செடிகள் வாடின. பேய்க்கு அஞ்சிச் செடி வாடுமா என்று எண்ணியிருந்தாலே போதும்! ஈற்றில், வீட்டைச் சூடேற்றும் உலையைச் சோதித்தனர். புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய நச்சு வளி பழுதினால் வீட்டிற்குள் பரவியது தெரியவந்தது. அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வளி, குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பிணைப்புத் திறன் உடையது. உலை சீராக்கப்பட்டதும் உருவங்கள் மறைந்தன.

அவ்வீட்டிற்கு மந்திரவாதி வந்திருந்தாலும், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நகைத்து ஒருவர் அகன்றிருந்தாலும் முடிவு ஒன்றாகவே இருந்திருக்கும். மூடிய அறைக்கு அருகே இயங்கும் டீசல் ஜெனரேட்டரும், அறைக்குள் எரியும் கரி அடுப்பும் இன்றும் அதே வளியை வெளியிடுகின்றன.

சங்கிலியால் பிணைத்தோர்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மனநலம் குன்றியோர் தங்கியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தீய ஆவி பற்றியதென நம்பி, மருத்துவமனைக்குப் பதிலாக வழிபாட்டுத் தலத்தின் அருள் நாடி உறவினரால் அவ்வூருக்கு அழைத்து வரப்பட்டோர் பலர். அழைத்து வந்தோர் கொடியவர் அல்லர். குணமாக வேண்டும் என்றே வந்தனர். பிறருக்குக் கேளாத குரல் ஒருவருக்குக் கேட்டபோது, அக்குரலுக்கு ஒரு பெயர் மட்டும் மிக விரைவில் சூட்டப்பட்டுவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

புதுவாயல் அறைக்குத் திரும்பினால், அங்கே கேட்க வேண்டிய வினாக்கள் எளியவை. எப்போது நேர்ந்தது? படுத்திருந்தபோதா, நடமாடும்போதா? கடந்த சில நாள்களில் எத்தனை மணிநேரம் உறங்கினார்? உடனிருந்தோருக்குத் தலைவலியோ குமட்டலோ உண்டா? வெளியே சென்றதும் அது தணிகிறதா? அனைவருக்கும் தலைவலி எனில் உடனே அறையைவிட்டு வெளியேறி மருத்துவ உதவி பெற வேண்டும்; இரும்புத் துண்டைத் தேடுவதற்கு அப்போது நேரமில்லை. நல்ல விழிப்பில், பகலிலும், நாள்கணக்கில் குரல்கள் கேட்குமாயின் மனநல மருத்துவரை நாட வேண்டும். 14416 என்னும் டெலி மனஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உறக்கம் கெட்ட விடியலில் ஓரிரு முறை மட்டும் நேர்ந்ததெனில், ஒருக்களித்துப் படுக்கும்படி சொல்லி, அறைத் தோழர் அன்று சற்று நேரம் அருகில் அமர்ந்திருக்கலாம்.