மூலையில் இருந்த கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சட்டை வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று நாளாக என் பிரிண்டிங் டேபிள் மேலேயே கிடக்கிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நல்ல துணி. 240 ஜிஎஸ்எம், தோள் இறங்கிய வெட்டு, கழுத்தில் அகலமான ரிப். முதல் சாம்பிளிலேயே கழுத்துப்பட்டி நெளியாமல் அமைவது லேசில் நடக்காது. தைத்தவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். பிரிண்ட் எப்படி இருக்கிறது, இதை வைத்து ஒரு பிராண்டு தொடங்கலாமா.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டு கட்டைவிரலாலும் எழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். 'வ'வின் வயிற்றில் மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டது. மை வேகவில்லை. பிளாஸ்டிசால் மைக்கு அடிவரைக்கும் ஏறக்குறைய 160 டிகிரி சூடு ஏற வேண்டும். மையை வேகவைக்கும் மெஷினில் காட்டுகிற சூடு அடுப்பின் சூடு, மையின் சூடு அல்ல. கனமான துணி சூட்டைக் குடித்துக்கொள்ளும். பெல்ட்டை மெதுவாக விடச் சொல். நேரமில்லை என்பார்கள். நீ பக்கத்தில் போய் நின்றால் செய்து கொடுப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

சட்டையோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாய். நாமக்கல் சாலையில் டீக்கடை ஓரம் நின்ற லாரியின் பின்பலகை. மஞ்சள் அடிவண்ணம், சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல்: 'வழித்துணை'. அதை அப்படியே கம்ப்யூட்டரில் டிரேஸ் எடுத்துச் சட்டையின் முதுகில் போட்டிருக்கிறாய். "தெருவிலிருந்து எடுத்தது அண்ணா" என்று பெருமையாக எழுதியிருந்தாய்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையின் வலது மூலையில், கீழே, விரல்நுனி அளவு வெள்ளை எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கிறது. பெயரைச் சேறு மறைத்துவிட்டது. 'ஆர்ட்ஸ்' என்பது மட்டும் தெரிகிறது. சட்டையில் அது இல்லை. டிரேஸ் எடுக்கும்போது வெட்டி எறிந்திருக்கிறாய்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உன் கண்ணில் அது படவே இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார். 'ணை'யை எப்படி எழுதியிருக்கிறார்? யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைத்த பழைய 'ணை'. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது பாடப்புத்தகத்திலிருந்து போன வடிவம் அது. ஆகவே இதை எழுதியவர் அதற்கு முன்பே எழுதப் படித்தவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஒருவரிடம் தொழில் கற்றவராக இருக்க வேண்டும். 'ழி'யின் வால் முடிகிற இடத்தில் தூரிகையைத் தூக்கும்போது மயிர் பிரிந்து இரண்டு கீற்றாக விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் கை தயங்கவில்லை, ஒரே இழுப்பு. உன் கம்ப்யூட்டர் அதை அழுக்கு என்று நினைத்து மழுக்கி உருண்டையாக்கிவிட்டது. அந்த எழுத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

நீ தெரு என்கிறாய். தெரு எழுதாது தம்பி. தெருவில் யாரோ ஒருவர் வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறார்.

நீ கும்பிடுகிற பெயர்களையே எடுத்துக்கொள்வோம். உன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டூஸி பிராண்டு எப்படி ஆரம்பித்தது? 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் ஷான் ஸ்டூஸி அலைச்சறுக்குப் பலகை செய்து விற்றுக்கொண்டிருந்தார். தான் செதுக்கிய பலகையில் தடித்த மார்க்கரால் கையெழுத்துப் போடுவார். அதே கையெழுத்தை டீ-சர்ட்டில் அச்சடித்தார். பலகையைவிடச் சட்டைக்கு ஆள் கூடியது. இன்று உலகமெல்லாம் போட்டுத் திரிகிற அந்தச் சின்னம், பொருளைச் செய்தவன் ஓரத்தில் போட்ட கையெழுத்து. அங்கே கையெழுத்துதான் பிராண்டு ஆனது. நீ கையெழுத்தை வெட்டிவிட்டுப் பிராண்டு தொடங்கப் பார்க்கிறாய்.

இன்னொருவரைப் பற்றி நீ நிறையப் படிக்க வேண்டும். நியூயார்க் ஹார்லெமில் டேப்பர் டேன் என்று அழைக்கப்படும் டேனியல் டே. 1982-இல் 125-ஆம் தெருவில் கடை திறந்தார். தோல்மேல் ஸ்க்ரீன் பிரிண்ட் நிற்க வைப்பதைத் தானே சோதித்துச் சோதித்துக் கற்றுக்கொண்டார். இந்தத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன், தோலில் மை உரியாமல் நிற்க வைப்பது சாமானிய வேலை இல்லை. கூச்சி, லூயி வித்தோன், ஃபெண்டி சின்னங்களைத் தோல் முழுக்க அச்சடித்து, அந்தக் கம்பெனிகள் கனவிலும் தைத்திராத கோட்டுகளை ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். வழக்கு, சோதனை, பறிமுதல் என்று நெருக்கி 1992-இல் கடையை மூட வைத்தார்கள். சின்னம் அவருடையது இல்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கேள். 1989-இல் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்காக அவர் தைத்த, உப்பிய கையுள்ள மேல்கோட்டை ஏறக்குறைய அப்படியே ஒத்த ஒன்றை 2017-இல் கூச்சியே மேடையேற்றியது. இந்தக் கோட்டு யாருடையது என்று சமூக ஊடகங்களில் மக்கள் கேட்டார்கள். கேட்டதால்தான் கூச்சி அவரோடு கைகோத்தது, மறு வருஷம் ஹார்லெமில் அவருக்குத் தையலகம் திறந்தது. கேட்பதற்கு ஆள் இருந்தது, அவர் பேர் தெரிந்திருந்தது, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டவரின் படம் கையில் இருந்தது. நம் லாரி எழுத்துக்காரருக்கு என்ன இருக்கிறது? மூலையில் அந்த ஒரு கையெழுத்துதான்.

சுப்ரீம் பிராண்டின் கதை உனக்கே தெரியும். சிவப்புப் பட்டையில் சாய்ந்த வெள்ளை எழுத்து, கலைஞர் பார்பரா குரூகரின் படைப்புகளிலிருந்து வந்தது. அதே கம்பெனி 2013-இல், தன் சின்னத்தைத் திரித்துப் போட்டதாக இன்னொரு சிறிய பிராண்டின்மேல் வழக்குப் போட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

ஆடை வடிவமைப்பாளர் வர்ஜில் அப்லோ, இருக்கிற பொருளில் மூன்று சதவீதம் மாற்றினால் போதும் என்று சொன்னதை நீ உன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். அவர் 2012-இல் பழைய ரால்ஃப் லாரன் ஃபிளானல் சட்டைகளை வாங்கி, மேலே அச்சடித்து, பல மடங்கு விலைக்கு விற்றவர். அது உண்மை. ஆனால் அவர் சிவில் இன்ஜினியரிங் படித்து, அதற்குமேல் கட்டடக்கலை படித்து, தையல் வேலை செய்த தாயிடம் தையலும் கற்றவர். மற்ற தொண்ணூற்றேழு யாருடையது என்று அவருக்குத் தெரியும், மேடையேறி அந்தப் பெயர்களைச் சொல்லவும் செய்தார். அந்தத் தொண்ணூற்றேழைப் பற்றி உன் குறிப்பேட்டில் ஏதாவது இருக்கிறதா?

சட்டையில் போட்டால் கலை மட்டமாகிவிடும் என்று உன் கல்லூரியில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. கீத் ஹாரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் சாக்பீஸால் வரைந்தவர், 1986-இல் தானே கடை திறந்து அந்தக் கோடுகளைச் சட்டையாக விற்றார். கேலரிக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் தன் படம் கிடைக்கட்டும் என்று. நம் சென்னையிலேயே கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்கினார்கள். துணி அவர்களுடைய ஓவியத்துக்குச் சோறு போட்டது.

இவ்வளவு உரிமையோடு உன்னைக் கண்டிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கம்பெனிக்காரர் சுவர் விளம்பரம் ஒன்றின் படத்தைக் கொண்டுவந்து, அதே மாதிரி எழுத்து வேண்டும் என்றார். ஃபிலிம் எடுத்து, ஸ்க்ரீன் போட்டு, நானே அடித்துக் கொடுத்தேன். பத்தாயிரம் சட்டை கப்பலேறியது. அந்தச் சுவரை எழுதியவர் எங்கள் தெருக்கோடியில் இருந்தவர். சின்ன வயதில் அவர் பெயின்ட் டப்பாவை நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறேன். ஃபிளக்ஸ் பேனர் வந்து அவர் தொழில் போய்விட்ட நேரம் அது. சட்டையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. பயம் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் இறந்த பிறகு வீட்டுக்குப் போனேன். திண்ணையில், மண்ணெண்ணெய் வற்றிப்போன தகர டப்பாவில் அவருடைய தூரிகைகள் விறைத்து நின்றன. நான் அங்கே உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் பிராண்டு தொடங்கு. ஆனால் இந்தச் சட்டையை இப்போது விற்காதே. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மூன்று ஊரிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. படத்தை எடுத்துக்கொண்டு போ. துதிக்கை 'ணை' போடுகிறவர் யார் என்று கேள். இன்றைக்கும் கையால் எழுதுகிறவர்கள் அதிகம் பேர் மிச்சமில்லை, ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் காட்டுவார்கள். கண்டுபிடித்தால் வாங்கித் தருகிற டீயோடு முடித்துவிடாதே. ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று பேசி, தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

சம்மதித்தால் அவரை இங்கே அழைத்து வா. டிரேஸ் வேண்டாம். டேபிளில் ஃபிலிம் விரித்து வைக்கிறேன், கறுப்பு மை இருக்கிறது, அவர் தன் தூரிகையைக் கொண்டுவரட்டும். 'ழி'யின் வாலில் மயிர் பிரிகிற அந்தக் கீற்று ஸ்க்ரீனில் விழ வேண்டுமானால் நெருக்கமான மெஷ் வேண்டும், அதை நான் தயார் செய்து வைக்கிறேன். மூலையில் அவர் எவ்வளவு சின்னதாகக் கையெழுத்துப் போட்டாலும் அதுவும் விழும்.

அன்புடன்,
அண்ணன்
திருப்பூர்