கோண அலகும் கணிப்பொறியும்

கோணத்தைப் பாகையாலும் ரேடியனாலும் அளக்கலாம். 180 பாகை என்பது ‘பை’ ரேடியனுக்குச் சமம். பைத்தான் மொழியின் ‘மேத்’ நூலகத்திலுள்ள சைன், கொசைன், டேன்ஜென்ட் ஆகிய செயற்கூறுகள், உள்ளிடப்படும் எண்ணை ரேடியனாகவே கொள்கின்றன.

30 பாகையின் சைன் மதிப்பு 0.5 ஆகும். ஆனால், சைன் செயற்கூறில் 30 என நேரடியாக உள்ளிட்டால், −0.988 என்னும் விடை கிடைக்கும். கணிப்பொறி பிழைச்செய்தி எதனையும் காட்டாது. ஏனெனில், 30 ரேடியனுக்குரிய சரியான மதிப்பையே அது தந்துள்ளது. தவறு, அலகை மாற்றாமல் உள்ளிட்டதில் உள்ளது.

எனவே, ‘ரேடியன்ஸ்’ செயற்கூறால் 30 பாகையை ஏறத்தாழ 0.5236 ரேடியனாக முதலில் மாற்றுதல் வேண்டும். அதன்பின் விடை 0.49999999999999994 எனத் தோன்றலாம். ‘பை’ முடிவுறாத் தசம எண். கணிப்பொறி அதன் தோராய மதிப்பையே கையாள்வதால் இச்சிறு வேறுபாடு எழுகிறது.

நேர்மாறு முக்கோணவியல் சார்புகளின் விடையும் ரேடியனிலேயே அமையும். ‘டிகிரீஸ்’ செயற்கூறு அதனைப் பாகையாக்கும். அலகறிந்து உள்ளிடுவதே சரியான விடைக்கு முதற்படி.